கட்டற்ற கணினி – 17: மவுஸ் பிடிக்க ஆள் இல்லாத இரவு

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரம் பழுதுபார்ப்புக்காக நிற்கலாம். தண்ணீர் இறைக்கும் பம்புகள் நிற்க முடியாது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில், மேல்நோக்கி அழுத்திக்கொண்டே கிடக்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை இராப்பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தளம் உப்பி வெடிக்காமல் இருக்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அங்கே தொடங்கிய கதை 1956இல் நிறுவனமாகி, 1962இல் மின்சாரமாகியது. அதில் நிலக்கரிக்குக் கிடைத்த பெயர் தண்ணீருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நீர்மட்டத்தை அளப்பதும், எழுதிவைப்பதும், நேற்றைய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த ஊரில் ஓயாத வேலை.

நகரியத்தில் வளர்ந்த ஒரு பொறியியல் மாணவி, கிணறுகளின் நீர்மட்ட அளவுகளைக் கோட்டுப்படமாக வரையும் மென்பொருளை இறுதியாண்டு புராஜெக்டாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான சாளரம். ‘கோப்பைத் திற’ என்று ஒரு பட்டன், ‘வரை’ என்று ஒரு பட்டன், ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்று இன்னொன்று. ஒரு கிணற்றுக்கு மூன்று சொடுக்கு. தேர்வாளருக்குக் காட்ட இது போதும். இருநூறு கிணறுகளின் படங்களும் நைட் ஷிப்டில் இரண்டு மணிக்குத் தயாராக வேண்டும் என்றால் போதாது. அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து அறுநூறு முறை சொடுக்குவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. கோப்பின் பெயரையும் படத்தைச் சேமிக்க வேண்டிய இடத்தையும் டெர்மினலின் கறுப்புத் திரையிலிருந்து ஒரே வரியில் சொன்னால், சாளரத்தைத் திறக்காமலே அந்த மென்பொருள் வரைந்து கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால், மீதியைக் குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கணினியின் வசதியே பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒற்றை வரியில் மென்பொருளின் பெயருக்குப் பின்னால் வரும் சிறுகோடு போட்ட சொற்களைத்தான் ஆப்ஷன் என்கிறோம். யுனிக்ஸ் உலகில் 1970களிலிருந்தே அவை உண்டு. ஒரு கோடும் ஓர் எழுத்தும் என்பது பழைய வழக்கம். அவற்றைப் பிரித்துப் படிக்கும் ‘கெட்ஆப்ட்’ என்ற நிரல்துண்டை ஏடி அண்ட் டி நிறுவனம் 1985இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. இரண்டு கோடு போட்டு முழுச் சொல்லையே எழுதும் வழக்கத்தைக் க்னூ திட்டம் பரப்பியது.

சாளர மென்பொருள்களை எழுத உதவும் சட்டகங்களுக்கு இந்தப் பழக்கம் வந்து சேரத்தான் நெடுங்காலம் ஆயிற்று. நம் மாணவி பயன்படுத்தக்கூடிய க்யூட்டி என்ற பிரேம்வொர்க்கையே எடுத்துக்கொள்வோம். நார்வேயில் பிறந்து 1995இல் வெளியான அதில் பட்டன், மெனு, அச்சிடுதல், மொழிபெயர்ப்பு எல்லாம் நாளடைவில் வந்துசேர்ந்தன. ஆப்ஷன்களைப் படிக்கும் வசதி மட்டும் நிரலர்களுக்குத் தரப்படவில்லை. அவரவர் கைக்கு வந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஒரு மென்பொருளில் ஒற்றைக் கோடு, இன்னொன்றில் இரட்டைக் கோடு. ஒன்றில் சமக்குறி, மற்றொன்றில் இடைவெளி. க்யூட்டியின்மேல் எழுந்த கேடிஇ என்ற டெஸ்க்டாப்பின் குழுவினர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். 1999இல் அதை எழுதியவர் வால்டோ பாஸ்டியன். கேடிஇக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. கடைசியில் லாஸ்லோ பாப், டேவிட் ஃபோர் என்ற இரண்டு கேடிஇ நிரலர்கள் எழுதிய, ஆப்ஷன்களைப் பிரித்துப் படிக்கும் பகுப்பான் க்யூட்டிக்குள்ளேயே இடம்பெற்றது. 2013 டிசம்பரில் 5.2 பதிப்போடு அது வந்தது. பயனர்கள் தமக்காகச் செய்துகொண்டதை மூல நூலகத்திடமே திருப்பிக் கொடுத்த செயல் இது. கட்டற்ற மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணமும் இதுதான்.

இதைச் சட்டகத்திலேயே வைக்க வேண்டுமா, நூறு வரியில் நாமே எழுதிவிட முடியாதா என்று கேட்கலாம். எழுதிவிடலாம். ஆனால் ஒரு ஆப்ஷனை அறிவிக்கும்போதே அதற்கான விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னால், உதவிப் பக்கத்தைச் சட்டகமே தயாரித்துவிடுகிறது. தெரியாத ஆப்ஷன் வந்தால் எச்சரிக்கிறது. கோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பு வந்தால், அதற்கு முன்னால் வெறும் இரட்டைக் கோடு போடும் மரபையும் காக்கிறது. எழுதும்போது நாம் மறந்துபோகும் விஷயங்கள் இவைதான். எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், ஒன்றைப் பழகியவர் அடுத்ததையும் கேட்காமலே பழகிவிடுவார்.

உள்ளே இறங்கினால் சிக்கல்கள் உண்டு. சாளர மென்பொருள் தொடங்கியதும் முதல் வேலையாகத் திரையைத் தேடும். தொலைவில் இருக்கும், மானிட்டரே இல்லாத சர்வரில் அதை இயக்கி, ‘உனக்கு என்னென்ன ஆப்ஷன் உண்டு’ என்று மட்டும் கேட்டாலும், திரை இல்லை என்று சொல்லிச் செத்துவிடும். கேள்வியைப் படிப்பதற்குள்ளேயே உயிர் போய்விடுகிறது. ஆகவே ஆப்ஷன்களை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சாளரம் தேவையில்லை என்றால் திரையைத் தொடாத இலகுவான அடிப்படைப் பொருளோடு தொடங்க வேண்டும். க்யூட்டியின் கையேடே இந்த வழியைக் காட்டுகிறது. கோட்டுப்படம் வரைய எழுத்துருவும் வண்ணமும் வேண்டும் என்றால், திரையில்லாமல் நினைவகத்திலேயே வரையும் ‘ஆஃப்ஸ்கிரீன்’ முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே சாளர மென்பொருளுக்கும் டெர்மினலுக்கும் பிறவியிலேயே தொடர்பு அறுக்கப்பட்டிருக்கிறது. அது எழுதும் உதவிச் செய்தி எங்கும் தெரியாது. அதனால் க்யூட்டி அந்தச் செய்தியை ஒரு சிறு பெட்டியில் காட்டுகிறது. பகலில் நல்ல ஏற்பாடு. இரவு இரண்டு மணிக்கு ‘சரி’ என்று அழுத்த ஆளில்லாமல் அந்தப் பெட்டி விடியும்வரை நின்றால், அதன் பின்னால் கிணறுகளின் முழு வரிசையும் நிற்கும். தானியங்கியாக ஓட வேண்டிய மென்பொருளில் பிழை வந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டு, பூஜ்யமல்லாத வெளியேறும் எண்ணோடு உடனே முடிந்துவிட வேண்டும். இதில் தளர்வு காட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி தமிழுக்கு வருவோம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்தத் தலைமுறை மாணவர்களுக்கு இரண்டிலும் ஓடும் மென்பொருள் வேண்டியிருந்தது. கோப்புக்கு ‘நீர்மட்டம்’ என்று தமிழில் பெயர் வைத்தால் லினக்ஸில் பொதுவாகச் சிக்கல் இல்லை. விண்டோஸில், மொழிக் குழுவுக்கொன்றாக இருந்த பழைய குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு ஒன்று கிடையவே கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டுமே அங்கே நுழைந்தது. எனவே சி மொழியின் வழக்கமான வழியில் கட்டளை வரியை வாங்கினால் ‘நீர்மட்டம்’ என்பது பத்துக் கேள்விக்குறிகளாக வந்து சேரும். க்யூட்டி அந்த வழியை விட்டு, விண்டோஸிடமே முழு வரியையும் யூனிகோடில் கேட்டு வாங்குகிறது. சட்டகம் தரும் பட்டியலைப் பயன்படுத்தினால் தமிழ் பிழைக்கும். பழைய பழக்கத்தில் நேரடியாக எடுத்தால் அழியும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து, யுடிஎஃப்-8 வேண்டும் என்று மென்பொருளே அறிவித்துக்கொள்ள வழி உண்டு.

ஆப்ஷனின் பெயரையே தமிழில் வைக்கலாமா? க்யூட்டியில் முடியும். கோட்டிலோ சாய்கோட்டிலோ தொடங்கக் கூடாது, நடுவில் சமக்குறி வரக் கூடாது, வெறுமையாக இருக்கக் கூடாது. விதிமுறை அவ்வளவுதான். ஒரே ஆப்ஷனுக்குப் பல பெயர்களும் கொடுக்கலாம் என்பதால் --உதவி, --கிணறு, --தொகுப்பு என்றெல்லாம் ஆங்கிலப் பெயரோடு சேர்த்து அறிவிக்கலாம். ஆங்கிலப் பெயரை எடுத்துவிட வேண்டாம் என்பேன். பிறர் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. தமிழ்ப் பெயரைக் கூடுதலாகத் தருவதில் யாருக்கும் நட்டமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு லாபம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘தொகுப்பு’ என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பகுப்பானுக்கு இரண்டும் வெவ்வேறு. ‘அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை’ என்று சொல்லிவிடும். கோப்புப் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. ஆப்பிளின் பழைய கோப்பு முறை பிரித்த வடிவிலேயே பெயர்களைச் சேமித்தது. ஆப்ஷன் பெயர்களைப் பகுப்பானிடம் கொடுக்கும் முன் ஒரே வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான வசதியும் க்யூட்டியில் உண்டு, ஒரே ஒரு வரி. கோப்புப் பெயரை மட்டும் வந்தபடியே விட்டுவிட வேண்டும். மாற்றினால் வட்டில் இருக்கும் கோப்பு கிடைக்காமல் போகும்.

உதவிப் பக்கத்தைத் தமிழில் காட்டும்போது இன்னொன்று தெரியவரும். ‘நீர்மட்டம்’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. பத்து இடம் என்று கணக்கிட்டு அடுத்த பத்தியைத் தொடங்கினால் நெடுவரிசை கோணலாகும். மொழிபெயர்ப்பை ஏற்றிய பிறகே ஆப்ஷன்களை அறிவிக்க வேண்டும் என்பதும் முக்கியம். முன்னால் அறிவித்தால் விளக்கங்கள் ஆங்கிலத்திலேயே உறைந்துவிடும்.

நன்றாக வளர்ந்த உதாரணம் ஒன்றைப் பார்க்க விரும்பினால், இந்தியரான கோவித் கோயல் 2006இல் எழுதத் தொடங்கிய காலிபர் என்ற மின்னூல் மென்பொருளைத் திறந்து பாருங்கள். சாளரம் க்யூட்டியால் ஆனது. நூலை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைக்குத் தனிக் கட்டளையும், நூலகத்தைப் பராமரிக்க மற்றொரு கட்டளையும் உண்டு. ஆயிரம் நூல்களை ஒரே இரவில் மாற்ற வேண்டியவருக்கு அந்தச் சாளரம் தேவைப்படுவதே இல்லை.

நம் மாணவிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவருடைய மென்பொருள் ஏற்கெனவே திறந்திருக்கும்போது, இன்னொருவர் டெர்மினலிலிருந்து புதிய கோப்பின் பெயரோடு அதை அழைக்கிறார். இரண்டாவது சாளரம் திறக்க வேண்டுமா, ஓடிக்கொண்டிருப்பதிடம் கோப்பை ஒப்படைக்க வேண்டுமா? கேடிஇ போன்ற இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோம் உலகின் ஜிஅப்ளிகேஷன் என்ற நிரல்பகுதி 2011இலேயே இரண்டாவது வழியை எடுத்தது. ஆப்ஷன்களோடு, அழைத்தவர் எந்தக் கோப்புறையில் நின்று அழைத்தார் என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் ‘நீர்மட்டம்’ எந்தக் கோப்புறையின் நீர்மட்டம் என்று ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. பதிப்பு எண்ணைக் கேட்கும் ஆப்ஷனை மட்டும் அங்கே அனுப்பாமல் அழைத்த இடத்திலேயே பதில் சொல்லி முடிக்க 2014இல் வழி செய்தார்கள். லினக்ஸில் இந்தச் செய்திகளைச் சுமந்து செல்வது டி-பஸ். அது எப்படி இயங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)