வயிற்றின் கணக்கு

"நெஞ்செரிச்சல் தறியோடு வந்த சொத்து" என்றார் சின்னாளப்பட்டி நெசவாள அங்கத்தினர் ஒருவர். தணிக்கைக்காக ஊர் ஊராய் அலைந்து, வேளை தவறி உண்ட நானும் அச்சொத்துக்கு வாரிசானவனே.

உண்டவுடன் குனிந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறுகிறது. வலியோடு பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருதல், குடல் எளிதில் கலங்கும் நோய். சிறுகுடலில் கிருமி மிகுந்தாலோ வயிறு உப்புகிறது. 1960-களில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஸ்ப்ரூ என்னும் நெடும்பேதியை ஆராய்ந்தபோது இதனையும் நோக்கினர்.

இவற்றுட் சில முற்றும் தீராவிடினும் அடக்கியாளத் தக்கவை. எதை உண்டபின் எது வந்தது என ஏடெழுதினேன். பாலும் வெறும் வயிற்றுத் தேநீரும் பற்றில் நின்றன. இரவுணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி இடைவெளி விட்டேன், எரிச்சல் தணிந்தது.

மலத்தில் இரத்தமோ, உடல் மெலிவோ, விழுங்கத் தடையோ காணின், அன்பர்களே, சோடா உப்பை நம்பாது மருத்துவமனை செல்க. சங்கத்தின் முதல் மூலதனம் அங்கத்தினர் உடலே.