ஜவ்வாது மலைக் களா

முள் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் வெறுப்புக் கொள்கின்றது. திருமறையின் தொடக்க நூலிலும் முட்செடி மண்ணுக்கு நேர்ந்த சாபத்தின் அடையாளமாகவே வருகின்றது. ஆயினும் முள்ளுடையன எல்லாம் பயனற்றன அல்ல என்பதற்குக் களா ஒன்றே போதிய சான்றாம். அதன் இயல்பும் பயனும், அதற்கு நேர்ந்துள்ள இடையூறும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஆங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை முதலியன விளைத்தும், காடுபடு பொருள்களைத் தொகுத்தும் வாழ்கின்றனர்.

களா பசுமை மாறாத புதர்ச்செடி. அதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை, முட்கள் வலியவை. கிள்ளினாற் பால் வடியும். மலர் வெண்மையும் நறுமணமும் உடையதாய் மல்லிகையை ஒக்கும். காய் செந்நிறமுற்று, பழுக்குங்கால் கருமையடையும். சிறுகளா, பெருங்களா என இது இருவகைப்படும். முன்னது வறண்ட மலைச்சரிவுகளில் தானே வளர்வது; பின்னது தோட்டங்களிலும் வளர்க்கப்படுவது. நஞ்சுடைய அலரியும் இக்குடும்பத்ததே. ஒரு குடியிற் பிறந்தும் ஒன்று கொல்ல, மற்றொன்று ஓம்புதல் வியப்பன்றோ!

களாக்காய் ஊறுகாய்க்கு உரியது. பழம் கோடையின் இறுதியில், சாமை அறுவடைக்குப் பல திங்கள் முன்னரே கனிவது. ஆதலின் ஆடு மேய்க்குஞ் சிறாருக்கு அது காடு இடும் விருந்து. கடைகளிற் செர்ரி என்று விற்கப்படும் செந்நிறப் பண்டத்துட் பல, சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காயே. வேர் நாட்டு மருந்துக்கு உதவும். செடியோ விளைநிலத்திற்கு உயிர்வேலியாம். புளித்த களாவையும் துடரியையும் தின்று சலித்தோர், ஆற்று மணல்மேட்டில் ஏறி நாவற்கனி கொய்துண்ட செய்தியை ஆவூர் மூலங்கிழார் புறநானூற்று 177-ஆம் பாட்டில் அமைத்துள்ளார். எனவே இதன் சுவை தமிழர் நாவிற்குப் புதிதன்று.

இனி இடையூறு யாதெனின், உண்ணிச்செடி என்க. இதுவும் கனி தரும் புதரே. அமெரிக்கக் கண்டத்தினின்று பூவழகு கருதிக் கொணரப்பட்ட இது, தோட்டத்தின் எல்லை கடந்து நம் மலைக்காடுகளிற் பரவிவிட்டது. பறவைகள் கனியை உண்டு விதையைப் பரப்புகின்றன; வெட்டினும் மீண்டுந் துளிர்க்கின்றது; இலையோ மாடுகளுக்கு நஞ்சு. இஃது அடர்ந்த இடத்து நிழலாற் பிற செடிகளின் கன்றுகள் தலையெடுப்பதில்லை. கருநாடகத்து மாதேசுவரமலைப் பழங்குடியினர் இதன் தண்டினால் நாற்காலி முதலியன செய்து பிழைக்கின்றனர் என்பது உண்மையே. எனினும் நாற்காலி பசியாற்றாது.

வனத்தில் விளையும் சிறுபொருள்களைத் தொகுக்கும் உரிமையைப் பழங்குடியினர்க்கு 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் வழங்கிற்று. களாவே அழியுமாயின், பறிக்கும் உரிமை இருந்தும் பயனென்? உரிமை ஏட்டில் நிற்க, கனி காட்டில் நில்லாது ஒழியும். ஆகலின் உண்ணிச்செடியை வேரோடு களைந்த இடத்துக் களாவை நடுதல் கடனாம்.

நண்பர்காள்! மலைக்குச் செல்லுங்கால் ஆடையைப் பற்றும் முள்ளை வையாதீர். பற்றுவது எது, பழம் தருவது எது என்று ஒருகணம் நின்று நோக்குமின்.