கேட்கட்டும் ஆசான்!

குயவன் பானையைத் தட்டிப் பார்க்கிறான். நெசவாளி துணியை வெளிச்சத்திலே விரித்துப் பார்க்கிறான். தச்சன் ஒற்றைக் கண்ணை மூடிப் பலகையின் கோணல் பார்க்கிறான். செய்த வேலை செம்மையா என்று சோதிக்கத் தொழிலாளி வெட்கப்படுவதில்லை, தோழர்களே!

வகுப்பறையிலே வேலை செய்பவர்? அவர் வனைவது மண்ணை அல்ல, மனத்தை! அதிலே விழும் விரிசல் தட்டினால் கேட்காது. பையன் தலையாட்டுவான், புரிந்தது என்று வாத்தியார் பலகையைத் துடைப்பார். புரியவில்லை என்பது பரீட்சையன்று தெரியும். பழி யார்மீது? "மக்குப் பயல்!" — பையன்மீது!

ஜப்பானிலே இதற்கொரு வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே, மெய்ஜி காலத்திலேயே வேர்விட்ட வழக்கம். 'ஜுக்யோ கென்க்யூ' — பாட ஆய்வு — என்பது பெயர். ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே பாடத்துக்குத் திட்டம் தீட்டுகிறார்கள். பிள்ளை எங்கே இடறுவான், என்ன தவறான விடை சொல்வான் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் குறிப்பேட்டுடன் நின்று கவனிக்கிறார்கள். யாரை? நடத்துபவரின் நடையையா, குரலையா? இல்லை — பிள்ளைகளை! யார் விழித்தான், யார் கணக்கைப் பாதியிலே விட்டான் என்பதை!

பிறகு அமர்ந்து பேசுகிறார்கள். குறை சொல்வது பாடத்தின்மீது, ஆள்மீது அன்று. பாடம் எல்லோரும் சேர்ந்து தீட்டியதல்லவா? திருத்திய திட்டத்தை இன்னொருவர் வேறு வகுப்பிலே நடத்திப் பார்ப்பதும் உண்டு.

ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய 3 நாடுகளில் 231 வகுப்புகளின் கணக்குப் பாடங்களை 1990களின் நடுவே படம்பிடித்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வையொட்டி ஸ்டிக்ளர், ஹீபர்ட் இருவரும் 1999இல் எழுதிய நூல்தான் அமெரிக்க ஆசிரியர்களைப் பாட ஆய்வின் பக்கம் திருப்பியது.

மேலதிகாரி வந்தால் ஆசிரியர் அஞ்சுவார், குறையை மறைப்பார். தோழன் வந்தால் குறையைக் காட்டுவார். மறைத்த புண் ஆறுமா? காட்டிய புண்ணுக்கன்றோ மருந்து!

ஆனால், கேட்பதற்கு நேரம் வேண்டாமா? அந்த ஜப்பானிலேயே கீழ்நிலை உயர்பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்ததாக 2018ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணக்கு சொன்னது. "கேட்டுத் திருத்திக்கொள்" என்று ஆசிரியருக்கு உபதேசிப்போர், அதற்கான நேரத்தையும் வேலை நேரத்துக்குள்ளேயே தந்தாகவேண்டும்!

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளியிலே புரியாததை ட்யூஷன் வாத்தியார் புரியவைப்பார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு? வகுப்பிலே நழுவியது நழுவியதுதான்! "எங்கே புரியவில்லை?" என்று ஆசிரியர் கேட்கும் ஒரு கேள்வி, அவனுக்குக் கிடைக்கவேண்டிய கூலி, தோழர்களே — சலுகை அல்ல!