கண் கண்ட படிப்பு

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், "உள்ளே சுளை எப்படி?" என்று விற்கிறவரிடம் விசாரித்துவிட்டு அப்புறம்தான் மடியை அவிழ்க்கிறோம். பிள்ளைக்கு நாலு வருஷப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு மனுப் போட்டுவிடுகிறோம். அந்தப் படிப்பு கண்ணைப் பற்றிய படிப்பாகவே இருந்துவிட்டால் வேடிக்கைக்குக் கேட்பானேன்!

நெய்வேலியில் பிளஸ் டூ முடிவு வெளியாகிற வாரத்தில் வீட்டுக்கு வீடு இரண்டே வார்த்தைகள்தாம் காதில் விழும். ஒன்று, 'டாக்டர்', மற்றொன்று, 'எஞ்சினீயர்'. இதில் தப்பு ஒன்றுமில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிப்பட்ட பொருள், 1956-ல் ஒரு கார்ப்பரேஷனாகி, 1962-ல் மின்சாரமாகி, ஒரு நகரத்தையே உண்டாக்கிவிட்டது. எஞ்சினீயர்கள் எழுப்பிய ஊரில் எஞ்சினீயர் ஆசை இருக்கத்தானே செய்யும்? ஆயினும் மூன்றாவதாக ஒரு வார்த்தையையும் உங்கள் காதில் போட்டு வைக்க விரும்புகிறோம். அதுதான் 'ஆப்டோமெட்ரி'.

டாக்டரும் அல்ல, கடைக்காரரும் அல்ல

ஆப்டோமெட்ரி என்பது பார்வையை அளந்து சரிசெய்யும் கலை. இதைப் படித்தவர் கத்தியைத் தொடமாட்டார். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்வது கண் டாக்டரின் வேலை. கண்ணாடிச் சட்டத்தை விலை பேசி விற்பது கடைக்காரரின் வேலை. இருவருக்கும் நடுவே, "இந்தக் கண்ணுக்கு எத்தனை பவர் லென்ஸ் வேண்டும்? மங்கல் லென்ஸோடு தீருமா, அல்லது உள்ளே நோய் இருக்கிறதா?" என்று கண்டு சொல்கிறவர் ஆப்டோமெட்ரிஸ்ட். கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதும், மிகவும் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கு உதவும் கருவிகளைப் பழக்குவதும் இவருடைய காரியமே.

நம் தேசத்தில் இதற்கென்று பள்ளிகள் 1958-ல் அலிகாரிலும் ஹைதராபாத்திலும் தோன்றின. சென்னையில், டாக்டர் பத்ரிநாத் 1978-ல் நிறுவிய சங்கர நேத்ராலயாவின் அங்கமாக, 1985-ல் எலீட் ஆப்டோமெட்ரி பள்ளி ஆரம்பமாயிற்று. அங்கே நான்கு வருஷப் பட்டப் படிப்பாக இது வளர்ந்தது.

வாசல்கள் பல

"இதற்கு நுழைவுத் தேர்வு உண்டா?" என்பதுதான் பெற்றோர்களின் முதல் கேள்வி. உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி! ஏனென்றால் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரே தேர்வு கிடையாது.

தமிழ்நாட்டு சர்க்காரின் கவுன்சலிங் மூலம் சேருகிறவர்களுக்குப் பிளஸ் டூ மார்க்கே பிரமாணம். நெய்வேலிக்குப் பக்கத்தில், புதுச்சேரி ஜிப்மரில், சமீப வருஷங்களில் நீட் தேர்வின் மார்க்கைப் பார்க்கிறார்கள். டில்லி எய்ம்ஸ் தானே ஒரு பரீட்சை நடத்துகிறது. எலீட் போன்ற பள்ளிகள் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் வைத்து மாணவர்களைப் பொறுக்கி எடுத்திருக்கின்றன. 2021-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் இத்துறை ஒரு தேசியக் கமிஷனின் கீழ் வந்துவிட்டதால் விதிகள் மாறக்கூடும். ஆகவே அந்தந்த வருஷத்து அறிவிப்பை முழுக்கப் படிக்க வேண்டும். 'அண்ணன் சேரும்போது இப்படித்தான் இருந்தது' என்பது இங்கே செல்லாது.

இன்னொரு விஷயம். பௌதிகமும் ரசாயனமும் எங்கும் வேண்டும். அவற்றோடு சில இடங்களில் உயிரியல் கட்டாயம். சில இடங்களில் அதற்குப் பதில் கணிதம் போதும். இந்தத் தீர்மானம் உண்மையில் பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கிற அன்றே நடந்துவிடுகிறது. அன்று யோசிக்காமல் விட்டு, இரண்டு வருஷம் கழித்துத் தலையில் கை வைத்து என்ன பிரயோஜனம்?

நாலு விடை, மூன்று பொறி

சரி, பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? மூட்டை மூட்டையாகப் புத்தகம் வேண்டாம். பள்ளிப் பாடப் புத்தகங்களே அடிப்படை. பழைய வினாத்தாள்கள் வேண்டுமானால், 1998-ல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஒரு பாடத்தை மட்டும் கரைத்துக் குடித்துவிட வேண்டும். அது பௌதிகத்தில் ஒளியைப் பற்றிய பாடம்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பையனுக்கு 50 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. அவனுக்கு எந்த லென்ஸ் வேண்டும்? விடைகள் நாலு: பிளஸ் 2, மைனஸ் 2, மைனஸ் 0.5, மைனஸ் 0.02.

தூரத்துப் பொருளின் பிம்பத்தை 50 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்து காட்ட வேண்டும். அதற்குக் குழிலென்ஸ் வேண்டும். அதன் குவிய தூரம் அரை மீட்டர். பவர் என்பது மீட்டரில் சொன்ன குவிய தூரத்தால் ஒன்றை வகுப்பது. ஆகவே விடை மைனஸ் 2 டயாப்டர்.

மற்ற மூன்றும் சும்மா போட்டவை அல்ல. குழிலென்ஸையும் குவிலென்ஸையும் குழப்பிக்கொள்கிறவனுக்குப் பிளஸ் 2. குவிய தூரத்தையே பவர் என்று நினைக்கிறவனுக்கு மைனஸ் 0.5. சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தவனுக்கு மைனஸ் 0.02. ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு பொறி! பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்க்கும்போது சரியான விடையை மட்டும் தெரிந்துகொண்டு நகராதீர்கள். மற்ற மூன்றும் எந்தத் தவற்றினால் பிறந்தவை என்று கண்டுபிடியுங்கள். அதுதான் படிப்பு.

அடுத்த கணக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஓய்வு பெறப் போகிற அப்பா பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். வெள்ளெழுத்து! ஒரு மீட்டருக்கு இப்பால் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. 25 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்க ஆசைப்படுகிறார். காலே மீட்டருக்கு 4 டயாப்டர். ஒரு மீட்டருக்கு 1. வித்தியாசம் பிளஸ் 3. கணக்கு முடிந்தது, அப்பாவின் கை வலியும் தீர்ந்தது.

உயிரியலிலும் இப்படித்தான். 'கண்ணில் ஒளியை அதிகமாக வளைப்பது எது?' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'லென்ஸ்' என்பார்கள். உண்மையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது முன்னால் இருக்கும் கார்னியாதான். குளத்தில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதேன்? தண்ணீரும் கார்னியாவும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால், கார்னியாவின் சக்தி அங்கே எடுபடுவதில்லை. இப்படிக் காரணம் தெரிந்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் பயமில்லை.

குருட்டு அதிர்ஷ்டத்தின் கணக்கு

எய்ம்ஸ் பரீட்சையில் சமீப காலமாக 90 கேள்விகள், 90 நிமிஷங்கள். பௌதிகம் 30, ரசாயனம் 30, உயிரியல் அல்லது கணிதம் 30. சரியான விடைக்கு ஒரு மார்க்கு. தவறானால் மூன்றில் ஒரு மார்க்குக் கழிவு.

ஒன்றுமே தெரியாமல் நாலு கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் குறி போட்டால் சராசரியாக ஒன்று சரியாகும். மூன்று தவறினால் ஒரு மார்க்குப் போய்விடும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, நேரம்தான் வீண். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு விடைகளை 'இது நிச்சயமாக இல்லை' என்று ஒதுக்க முடிந்தால்? நாலில் இரண்டு சரியாகும்; கழிவு போக ஒன்றேகால் மார்க்குக்கு மேலேயே மிஞ்சும். ஆகவே பாதி தெரிந்த கேள்வியை விடாதீர்கள். ஒன்றுமே தெரியாத கேள்வியைத் தொடாதீர்கள்.

பரீட்சை வெளியூரில் என்றால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். அனுமதிச் சீட்டும் புகைப்பட அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். அப்புறம், மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்கவேண்டாம். கண் படிப்புக்குப் பரீட்சை எழுதப் போய்க் கேள்வித்தாள் தெரியாமல் விழித்தால் நன்றாகவா இருக்கும்?

"ஏன் வந்தாய்?"

நேர்முகத் தேர்வு இருக்கும் இடங்களில், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்கள். "டாக்டர் சீட்டுக் கிடைக்கவில்லை ஸார், அதனால்..." என்று இழுத்தால், வீட்டுக்கு வேண்டாத விருந்தாளியாக வந்தவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். "பார்த்தேன், பிடித்தது, வந்தேன்" என்று சொல்ல முடிந்தால் கதையே வேறு.

அதற்கு முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? நெய்வேலியிலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிற சாலையில், தவளக்குப்பத்தில் 2003-லிருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாட்டியைக் கண் காட்ட அழைத்துப் போகிற சாக்கில் நீங்களும் போய் உட்காருங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே எத்தனை பேர் கைமாறி, பார்வை அளக்கப்பட்டு, அழுத்தம் பார்க்கப்படுகிறது என்று கவனியுங்கள். 1976-ல், 58 வயதில், மூட்டு நோயினால் விரல்கள் கோணிப்போன நிலையில், மதுரையில் 11 படுக்கைகளோடு இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் வெங்கடசாமி. டாக்டர் அறுவைச் சிகிச்சையைக் கவனிக்க, அளவெடுக்கும் வேலையைத் தேர்ந்த வேறு கைகள் கவனித்ததால்தான் அங்கே லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கிடைத்தது. அந்த வேறு கைகளில் ஒன்றாக இருப்பது இரண்டாந்தர உத்தியோகமா? பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கே ஒரு பரீட்சை

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கலாம். இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு பரீட்சை உண்டு. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை, எதிர்ச் சுவரண்டை நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடச் சொல்லுங்கள். முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை. ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுவிடும். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். வருஷங்கள் போனால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே நின்றுவிடும்.

அப்படி உங்கள் தம்பியோ தங்கையோ, "அக்கா, இந்தக் கண்ணால் தேதியே தெரியவில்லையே!" என்று சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "ஏன் வந்தாய்?" என்று யாராவது கேட்கும்போது சொல்வதற்கு, அதைவிட நல்ல பதில் வேறு எதுவும் வேண்டியிருக்காது.