லாகூருக்கு அரணாக நின்ற கால்வாய்

ராவி ஆற்றின் மாதோப்பூர் தலைமதகிலிருந்து ஆங்கிலேயர் ஆட்சியில் வெட்டப்பட்ட மேல் பாரி தோஆப் கால்வாய், பிரிக்கப்படாத பஞ்சாபில் லாகூர் வரையிலான வயல்களுக்குப் பாசனமளித்து வந்தது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது தலைமதகு இந்தியாவிலும், அதன் கடைமடை நிலங்களில் பெரும்பகுதி பாகிஸ்தானிலுமாகப் பிரிந்துபோக, 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் அரசு எல்லை தாண்டிச் செல்லும் நீரை நிறுத்தியது. மே 4-ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் மதகுகள் திறக்கப்பட்டன என்றாலும், அடுத்த நாட்டின் மதகை நம்பிப் பயிர் செய்ய முடியாது என்ற முடிவுக்கு வந்த பாகிஸ்தான், செனாப் ஆற்று நீரைக் கொண்டுவரும் பம்பான்வாலா–ராவி–பேதியான் கால்வாயை எல்லையை ஒட்டியே வெட்டியது. ராவி குறுக்கிடும் இடத்தில் அதன் நீர், ஆற்றுப் படுகைக்கு அடியிலுள்ள சைபன் எனப்படும் சுரங்க வழியே மறுபக்கம் செல்கிறது.

இந்தியப் படையினர் இச்சோகில் என்று குறிப்பிடும் இக்கால்வாய், ஏறத்தாழ 45 மீட்டர் அகலமும் ஓராள் உயரத்தை மிஞ்சும் ஆழமும் செங்குத்தான கரைகளும் கொண்டிருந்ததால், டாங்கிகள் பாலமின்றி இதைக் கடக்க இயலாது; மேற்குக் கரையில் கான்கிரீட் காப்பரண்களும் கட்டப்பட்டிருந்தன. காஷ்மீரின் சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் தொடுத்த தாக்குதலின் அழுத்தத்தைக் குறைக்க 1965 செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை லாகூர் முனையில் எல்லையைக் கடந்தபோது, லெப்டினன்ட் கர்னல் டெஸ்மண்ட் ஹைடு தலைமையிலான 3-ஆவது ஜாட் படைப்பிரிவு கால்வாயைத் தாண்டி மேற்குக் கரையின் பாட்டாபூரையே எட்டிவிட்டது. ஆனால் பின்துணைப் படை வந்து சேராததால் அது திரும்ப நேர்ந்தது; போரின் போக்கையே மாற்றியிருக்கக்கூடிய அந்த வாய்ப்பு அத்துடன் கைநழுவியது. பாகிஸ்தான் படை பாலங்களைத் தகர்த்தது. கிழக்குக் கரையிலுள்ள தோக்ராய் சிற்றூரை அதே ஜாட் வீரர்கள் செப்டம்பர் 21–22 இரவில் கைகலப்பு வரை சென்ற கடும்போரில் பிடித்தனர். மறுநாளே போர்நிறுத்தம் வந்தது.

நீரின் துணை ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தெற்கே கேம்கரண் பகுதியின் அசல் உத்தாரில் இந்தியப் படை கால்வாய்க் கரையை உடைத்துக் கரும்பு வயல்களில் நீரைப் பாய்ச்சவே, பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் பல சேற்றில் சிக்கித் தாக்குதலுக்கு இலக்காயின.

1966 ஜனவரி 10 அன்று கையெழுத்தான தாஷ்கண்ட் உடன்படிக்கையின்படி, பெரும் உயிரிழப்புடன் பெற்ற தோக்ராயை விட்டு இந்தியப் படை பின்வாங்கியது. அப்போரின் படிப்பினையை ஏற்று, பஞ்சாப் எல்லையில் இந்தியாவும் பின்னர் அகழியும் உயர்கரையும் இணைந்த பாதுகாப்பு அரணை அமைத்தது. இது பாசனத்துக்காக அன்றி, டாங்கிகளைத் தடுப்பதற்கென்றே வெட்டப்பட்டதாகும்.