எலியேசரும் இலத்திரனும்

மின்னேற்றமுடைய துணிக்கை தன் வேகத்தின் அளவிலோ திசையிலோ மாறுமாயின் கதிர் வீசும். கதிரோடு சக்தி செல்லுமாதலின் துணிக்கையின் இயக்கமும் தடைப்படல் வேண்டும். இத்தடை கதிர்வீசல் மறுதாக்கம் எனப்படும். இதனைக் கணிக்கும் முறை யாது என்னும் வினா நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. விடை தேடியோருள் யாழ்ப்பாணத் தமிழராகிய பேராசிரியர் கி. ஜெ. எலியேசரும் ஒருவர்.

1911 இல் இரதபோட் அணுவின் கருவைக் கண்டார். பழைய விதிகளின்படி கருவைச் சுற்றும் இலத்திரன் சக்தியிழந்து, ஒரு செக்கனின் பத்தாயிரங் கோடியில் ஓரிரு பங்கு நேரத்திற் கருவில் வீழ்ந்துவிடும். அங்ஙனமாயின் எவ்வணுவும் நிலைபெறாது. 1913 இல் நீல்ஸ் போர் புதிய கொள்கையால் அணுவை நிலைநிறுத்தினார்; ஆயினும் மறுதாக்கத்தின் சமன்பாடு யாதென்பது தீரவில்லை.

1938 இல் டிராக் ஒரு சமன்பாட்டை அமைத்தார். நியூற்றனின் விதிக்கு ஆர்முடுகல் போதும். டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் இடம்பெற்றது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த எலியேசர், ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரனுக்கு அதனைப் பொருத்தினார். 1943 இல் வெளிவந்த முடிபு வியப்புக்குரியது: இலத்திரன் புரோத்தனை அடைவதேயில்லை, இடையிலே திரும்பி, ஒளியின் வேகத்தை நெருங்குமாறு விரைந்தோடுகின்றது! கவரப்படுவது விலகியோடுதல் இயற்கைக்கு ஒவ்வாது. கணிப்பிற் பிழையில்லை, குறை சமன்பாட்டிலேயே இருந்தது.

டிராக் 1933 இல் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர். அவர் பெயருக்கு அஞ்சி எலியேசர் கணிப்பை இடையில் நிறுத்தினாரல்லர். குறை கண்டதோடு அமையாது, 1948 இல் வேறொரு சமன்பாட்டையும் முன்வைத்தார். அதில் இலத்திரன் தானே விரைந்தோடும் கேடு இல்லை. பின்னர் போட், ஓகொனெல் என்பார் வேறு வழியால் அதனையே அடைந்தமையின், இன்று அது மூவர் பெயராலும் வழங்குகின்றது.

நெடுங்காலம் இவ்வாராய்ச்சி தாளளவில் நின்றது. மறுதாக்கம் அத்துணை நுண்ணியது. 2018 இல் இங்கிலாந்தின் இரதபோட் அப்பிள்ற்றன் ஆய்வுகூடத்திற் செய்த இரு பரிசோதனைகள் வெளியாயின. விரைந்துவரும் இலத்திரன் கற்றையோடு செறிந்த லேசர் ஒளியை மோதவிட்டபோது, இலத்திரன்கள் சக்தியிழந்தமை புலப்பட்டது. வன்மையான காந்தப் புலமுடைய துடிப்பு விண்மீன்களை அறியவும் இக்கணிப்பு வேண்டப்படுகின்றது.

விடை விந்தையாயின் கணக்கை அழித்துவிடுதல் மாணவர் பலர்க்கு வழக்கம். படிகள் செவ்வனே அமைந்தனவா என ஆராய்க. அமைந்தனவாயின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட விதியையே வினவுக. எலியேசரின் ஆய்வு எமக்குக் காட்டும் நெறி இதுவேயாம்.