300 ரூபாய் டிம்மரா, 40,000 ரூபாய் டிரைவா? மோட்டார் வேகத்தைக் குறைக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

மாவு மில் வச்சிருக்கிற என் கிளையன்ட் ஒருத்தர் போன் பண்ணார். சல்லடை மோட்டார் ரொம்ப வேகமா ஓடுதுன்னு 300 ரூபாய்க்கு டிம்மர் வாங்கி மாட்டியிருக்கார். ரெண்டே நாளில் காயில் கருகிடுச்சு. "சார், ரீவைண்டிங் பில்லை செலவுல காட்டலாமா?" காட்டலாம், அது ரிப்பேர் செலவு. ஆனா மூணு நாள் மில் மூடியிருந்த நஷ்டத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

ஏன் கருகியது?

ஏசி இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது முக்கியமாக ஃப்ரீக்வென்சியும் போல் எண்ணிக்கையும்தான். 50 ஹெர்ட்ஸ், 4 போல் என்றால் 120 × 50 ÷ 4 = 1500. லோடில் சுமார் 1440 ஆர்பிஎம். டிம்மர் வோல்டேஜை மட்டும் குறைக்கும்; மோட்டார் அதே லோடை இழுக்க அதிக கரண்ட் எடுத்து சூடாகும். சீலிங் ஃபேன் தப்பிப்பது, வேகம் குறையும்போது அதன் லோடும் குறைவதால்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

1. ஒரே குறைந்த வேகம் போதுமா? பெல்ட்டில் ஓடும் மெஷின்னா புல்லி சைஸை மாத்துங்க. இதுதான் மலிவு.

2. வேகம் அடிக்கடி மாறணுமா? 3 ஃபேஸ் மோட்டாருக்கு விஎஃப்டி. இது ஃப்ரீக்வென்சியையும் வோல்டேஜையும் சேர்த்தே குறைக்கும். ரொம்ப மெதுவா ஓட்டினா மோட்டாரின் சொந்த ஃபேன் காற்று பத்தாது, கவனம்.

விஎஃப்டி போட்ட காசு திரும்புமா?

புளோயர்னா திரும்ப வாய்ப்பு அதிகம். 80% வேகத்தில் 0.8 × 0.8 × 0.8, அதாவது சுமார் பாதி பவர் போதும். கன்வேயரில் 20% அளவுக்குத்தான் குறையும்.

உதாரணமா, டேம்பரை மூடி ஓட்டும் புளோயர் 6 கிலோவாட் எடுக்குது. விஎஃப்டியில் 4 ஆகுதுன்னு வைங்க. வருஷம் 3,000 மணி நேரத்துக்கு 6,000 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய்னா 48,000 ரூபாய். டிரைவ் விலை 40,000 என்றால் பத்து மாசத்தில் போட்டது வந்துடும். உங்க பில்லில் இருக்கும் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

வரிக் கணக்கில் இது மெஷினரி, 15% தேய்மானம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினா முதல் வருஷம் பாதிதான். ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்தா அந்தத் தொகைக்குத் தேய்மானம் கேட்கக் கூடாது.

நம்ம மில்காரர் கடைசியில் புல்லியைத்தான் மாத்தினார். மோட்டார் இப்போ நல்லா ஓடுது. நீங்களும் முதலில் தேவையைப் பாருங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க!